தோட்டத்து வீட்டை விட்டுக் கோவைக்குக் குடிபோகிறோம், மாமியார் வரமாட்டேன் என்கிறார்: நாங்கள் செய்வது தப்பா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் மாமியாரோடு இருக்கிறீர்கள். மாமனார் தவறி இரண்டு வருடம் ஆகப்போகிறது. கோவை காளப்பட்டியில் லோன் போட்டுக் கட்டிய வீடு முடியும் தறுவாயில் இருக்கிறது. தை மாதம் முகூர்த்தம் குறித்தாயிற்று, அன்றைக்கே குடியும் போவதாக ஏற்பாடு. எட்டாவது படிக்கும் மகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒன்றாவது படிக்கும் பையன் தொட்டதுக்கெல்லாம் அழுகிறான். 74 வயது மாமியார், "நீங்க போங்க, நான் மாட்டைப் பாத்துக்கிட்டு இங்கயே இருந்துக்கறேன்" என்கிறார். சொன்னதையே மறுபடி சொல்கிறார், இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்திருக்கிறார். பெட்டி கட்ட ஆரம்பித்ததிலிருந்து உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் தினமும் சண்டை. வீடு மாறுவது சாவுக்கும் விவாகரத்துக்கும் அடுத்த பெரிய மன அழுத்தம் என்று எங்கோ படித்துவிட்டு, "நாங்க பண்றது தப்புங்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாமான் கட்டுவதற்கு யோசனை கேட்கவில்லை நீங்கள். ஆசைப்பட்டுக் கட்டிய வீடு வீட்டு மனுஷர்களுக்கே கெடுதலாகிவிடுமோ என்ற வெசனத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மனநல சமூகப் பணியாளராக ஈரோட்டிலும் கோவையிலும் பல வருடம் குடும்பங்களோடு வேலை பார்த்தவள். டாக்டர் இல்லை. உங்கள் மாமியாரை நேரில் பார்க்காமல் அவருக்கு மறதி நோய் இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லக்கூடாது. எழுத்தைப் படித்துவிட்டு வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வீடு மாறுவது தப்பில்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் ஒன்றை மாற்றச் சொல்வேன். எல்லா மாற்றத்தையும் ஒரே தேதியில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

முதலில் நீங்கள் படித்த அந்த வாக்கியம். அது பல இடங்களில் சுற்றுகிறது. மன அழுத்த அளவுகோல்களில் மிகவும் பேசப்பட்டது, 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வெளியிட்டது. வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். கணவனோ மனைவியோ இறப்பதற்கு 100, விவாகரத்துக்கு 73. வீடு மாறுவதற்கு அதில் கிடைத்தது 20 மட்டும்தான், பட்டியலில் கீழே எங்கோ இருக்கிறது. இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். பெரிய வீட்டுக்கடனுக்கு 31. கணவன் அல்லது மனைவி வீட்டாரோடு உரசலுக்கு 29. வாழும் சூழல் மாறுவதற்கு 25. பள்ளிக்கூடம் மாறுவதற்கு 20. உங்கள் வீட்டுக்காரர் இனிக் கோவையிலிருந்து தினமும் திருப்பூர் கம்பெனிக்குப் போய்வரப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேலை நேரமும் நிலையும் மாறுவதற்கு 20. வீடு மாறுவதையும் சேர்த்துக் கூட்டினால் 145 வருகிறது, விவாகரத்துக்குப் போட்ட மதிப்பெண்ணின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நூறு அமெரிக்கர்களின் மதிப்பீட்டை வைத்துப் போட்ட எண்கள் அவை, நம்முடைய கூட்டுக் குடும்பத்தை அப்படியே அளந்துவிட முடியாது. ஆனால் அந்தப் பட்டியல் காட்டும் விஷயம் நான் பார்த்த குடும்பங்களோடு பொருந்திப் போகிறது. வீடு மாறியதால் மட்டும் இடிந்துபோனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கடன், பள்ளி, வயசானவர்களின் உடம்பு, வேலை எல்லாம் ஒரே மாதத்தில் வந்து இறங்கிய வீடுகள்தான் ஆடிப்போயின.

அதனால் தேதிகளைப் பிரித்துப் போடுங்கள். பால் காய்ச்சுகிற நாளும் சாமானோடு குடிபோகிற நாளும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நம் பக்கம் நிறையப் பேர் தையில் ஹோமம் செய்து, பால் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் அரிசி பருப்பும் வைத்து, ஒரு ராத்திரி அங்கே படுத்து எழுந்துவிட்டு, பிள்ளைகளின் பரீட்சை முடிந்த பிறகு சித்திரையிலோ வைகாசியிலோ குடிபோகிறார்கள். விளக்கேற்றிய வீட்டை இருட்டாகப் போட்டுவைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால், சனி ஞாயிறு போய்த் தங்கி வாருங்கள். மற்ற நாளில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்து விளக்குப் போடச் சொல்லுங்கள். தை என்பது ஜனவரி நடுவில் தொடங்குகிறது. அப்போது குடிபோனால் உங்கள் மகள் முழுப் பரீட்சைக்குச் சில வாரம் இருக்கையில் பள்ளி மாறவேண்டும், அல்லது காளப்பட்டியிலிருந்து காங்கேயத்துக்கு அலையவேண்டும். இரண்டும் வேண்டாம். கோடை லீவில் மாறினால் ஜூனில் ஒன்பதாவதைப் புதுப் பள்ளியில் எல்லோரோடும் சேர்ந்தே தொடங்குவாள். ஆடிக்கு முன்னால் எல்லாம் முடிந்தும்விடும். அவள் இப்போது பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்துக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லியிருப்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு. புதுமனை புகுவிழா அன்றைக்கு ஒறம்பரை அத்தனை பேரும் வந்திருப்பார்கள். தாய்மாமன் சீர், பந்தி, யார் என்ன வைத்தார்கள் என்ற பேச்சு, "கிச்சன் சின்னதாப் போச்சே", "படி எதிர்க்க வந்திருக்குதே" என்ற பேச்சு. அதே ராத்திரி லாரியிலிருந்து இறக்கிய மூட்டைக்கு நடுவில் பிள்ளைகளைப் படுக்கவைத்து, மறுநாள் காலை பால் பாத்திரத்தைத் தேடுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் அது எப்போதும் மருமகள்தான்.

மகளைப் பற்றி. டென்மார்க்கில் 1971 முதல் 1997 வரை பிறந்த 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. சிறுவயதில் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநலச் சிக்கல் போன்றவை கூடுதலாகவே இருந்தன. 12 முதல் 14 வயதுக்குள் மாறியவர்களிடமும், ஒரே வருடத்தில் பலமுறை மாறியவர்களிடமும் அது அதிகமாகத் தெரிந்தது. பெற்றோர் வசதியானவர்களா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் மகளின் வயது சரியாக அதற்குள் வருகிறது என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். இதைப் படித்துப் பயப்படவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்றுதான் அந்த ஆய்வு சொல்கிறது, இடமாற்றம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. மாறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: சின்னப் பையனைவிட இவளைத்தான் அதிகம் கவனிக்கவேண்டும். வீட்டில் நடப்பதோ நேர்மாறாக இருக்கும். சின்னவன் அழுவான், எல்லோரும் ஓடுவோம். பெரியவள் கதவைச் சாத்திக்கொள்வாள், "அவ பெரிய புள்ள, புரிஞ்சுக்குவா" என்று விட்டுவிடுவோம்.

அவளுக்குப் போவது வீடு மட்டும் அல்ல. ஆறாவதிலிருந்து கூட உட்கார்ந்த சிநேகிதிகள், சைக்கிளில் போன வழி, மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்த ஊர், எல்லாம் ஒருசேரப் போகிறது. "எவ்வளவு செலவு பண்ணிக் கட்டியிருக்கறோம், உனக்குத் தனி ரூம் வேற" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பேச்சு அவள் துக்கத்தை நன்றிகெட்டதனம் ஆக்கிவிடும், அதன்பிறகு உங்களிடம் சொல்லமாட்டாள். சேர்க்கைக்கு முன்பே ஒருநாள் அவளைப் புதுப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வேனா, டவுன் பஸ்ஸா, சைக்கிளா என்பதில் அவள் பேச்சும் இருக்கட்டும். வரும் நோம்பிக்கு ஊருக்குக் கூட்டிவருவதாகச் சொன்னால் கட்டாயம் கூட்டி வாருங்கள். பையனுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. சில வாரம் ஒட்டிக்கொண்டே திரிவான், படுக்கையை நனைக்கவும் செய்யலாம். திட்டாமல் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளுங்கள், அது தானாக அடங்கும்.

உங்கள் கேள்வியில் பாதி மாமியாரைப் பற்றித்தான் இருந்தது. அவர் வரமாட்டேன் என்பதைப் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்தில் அவருடைய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடியக் கருக்கலில் எழுந்து கட்டுத்தரை கூட்டுகிறார், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறார், அந்தக் காசு அவர் கையில் வருகிறது. எந்தக் காட்டில் என்ன வெள்ளாமை என்று கேட்டால் அவருக்குத்தான் தெரியும். தடத்தில் போகிறவர்கள் "ஏனுங் ஆத்தா, சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மாமனார் உட்கார்ந்த திண்ணை அங்கேதான் இருக்கிறது. காளப்பட்டியில் கேட் பூட்டிய வீட்டில் அவருக்கு இருக்கப்போவது டி.வி.யும் நீங்கள் திரும்பி வருகிற நேரமும்தான். அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. நியாயம் இருந்தும் அவரைத் தனியாக அங்கே விடமுடியாது என்ற உங்கள் நிலைமையிலும் நியாயம் இருக்கிறது. இந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவேண்டாம், மகன் எடுக்கட்டும். "உங்க நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்தால் அங்கேயே முறிந்துபோகும். "நீங்க இங்க தனியா இருந்தா என்னால அங்க தூங்க முடியாதுங்கம்மா" என்று அவர் சொன்னால் அது உண்மை, அம்மாவுக்கும் அது புரியும்.

அந்த அடுப்பு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நாற்பது, ஐம்பது வருடம் புழங்கிய வீட்டில் நினைவு குறைந்தவர்கள்கூட ஓரளவு சமாளித்துவிடுவார்கள். கொல்லைப்புறப் பொடக்காளிக்குக் கால் தானாகப் போகும், உப்புப் போசி இருக்கிற இடத்துக்குக் கை தானாகப் போகும். புது வீட்டில் அந்தப் பழக்கம் உதவாது, அதுவரை மறைந்திருந்த குறை வெளியே வரும். அப்போது "வீடு ராசியில்லை, வந்ததும் புத்தி கெட்டுப்போச்சு" என்று பேச்சு கிளம்பும், பழி உங்கள்மேல் விழும். அதனால் குடிபோவதற்கு முன்பே ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, கண், காது மங்குவது, துணையை இழந்த பின் வரும் மனச்சோர்வு, இவை எல்லாமே மறதி மாதிரித் தெரியலாம். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. மனநலம் என்ற சொல்லைக் கேட்டு அவர் மிரண்டால் முதலில் பொது மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், சர்க்கரை, இரத்த அழுத்தத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அவசரமாக எடுத்துக்கொள்ளவேண்டும். குடிபோன பிறகு ஓரிரு நாளில், சில மணி நேரத்தில்கூட, திடீரென்று நேரம் இடம் தெரியாமல் பேசினாலோ, ஆளை மாற்றிச் சொன்னாலோ, பகலில் தூங்கி ராத்திரி முழுக்க எழுந்து நடந்தாலோ, புது வீடு பழகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது போன்றவை வயசானவர்களிடம் இப்படித்தான் வெளிப்படும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வழியில் பாத்ரூம் கிடைக்காது என்று பயந்து குடிபோகும் நாளில் தண்ணீரே குடிக்காத பெரியவர்கள் நிறைய, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சில ராத்திரிகளில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்த கால் வழவழப்பான டைல்ஸில் ஈரம் பட்டால் நிற்காது. இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பிறகு எல்லாமே மாறிவிடும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி விளக்கு எரியட்டும். பாத்ரூமில் கைப்பிடி போடுவதைக் கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு என்று தள்ளாமல் இப்போதே கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் சொல்லுங்கள். அவருடைய பழைய கட்டிலையே கொண்டுபோங்கள், இங்கே எந்தப் பக்கம் இறங்குகிறாரோ அதே பக்கம் இறங்குகிற மாதிரிப் போடுங்கள். தையில் பால் காய்ச்சியதும் சனி ஞாயிறு அவரையும் கூட்டிப்போய்த் தங்கி வந்தால் சித்திரைக்குள் பாதி பழகிவிடும்.

அட்டாலியில் இருக்கும் பித்தளை அண்டா, ஆட்டுக்கல், மாமனாரின் வேட்டி எல்லாவற்றையும் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மாமியார் தூங்கும்போது பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடலாம் என்று உங்கள் நாத்தனார் சொன்னதைச் செய்யாதீர்கள். ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் தூக்கிப்போடுவதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து, மகளின் பழைய நோட்டு வரைக்கும், ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துப்போக முடியாதது தோட்டத்து வீட்டிலேயே இருக்கட்டும். அந்த வீட்டை உடனே வாடகைக்கு விடவும் வேண்டாம், மாட்டை உடனே சந்தைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். குடிபோய் ஒரு மழைக்காலம் போகட்டும், அதுவரை பங்காளியோ பக்கத்துத் தோட்டத்துக்காரரோ மாட்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். விற்பதென்று ஆனால் அந்த முடிவை மாமியாரே தன் வாயால் எடுக்கட்டும்.

மாமியார் தோட்டத்துக்கும் கோவைக்கும் போய்வந்து இருக்கலாமா என்ற யோசனை நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு. நினைவு சரியாக இருந்தால் பத்துநாள் தோட்டம், இருபதுநாள் கோவை என்று இருப்பதில் தப்பில்லை. மறதி நோய் என்று டாக்டர் உறுதி செய்தால் அந்த அலைச்சல் அவரைக் குழப்பும், ஒரே இடத்தில் நிலையாக வைக்கவேண்டும். அம்மாவை மாசத்துக்கு ஒரு பையன் வீடு என்று முறை போட்டு மாற்றிவிடும் பழக்கம் நம் பக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. நினைவு குறைந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய கொடுமை அதிகம் இல்லை. ஒவ்வொரு மாதமும் அவர்கள் புது வீட்டில் கண்விழிக்கிறார்கள். உங்கள் மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், அந்த யோசனையோடு வந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். அம்மா ஓரிடத்தில் இருக்கட்டும், செலவையும் ஆளையும் பிரித்துக்கொள்ளலாம்.

தோட்டத்து வீட்டைக் காலி செய்யும்போது முதலில் அப்புறப்படுத்தவேண்டியது பூச்சி மருந்து டப்பாக்கள். பையன் இருக்கிற வீடு என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் நேராகவே சொல்கிறேன். வயசானவர்கள் "உங்க மாமன்கூடவே போயிருக்கலாம்" என்று சொல்வதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். சாகணும்னு தோணுதுங்களா அத்தை என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அவருக்கானாலும் மகளுக்கானாலும் உங்களுக்கானாலும் உதவி தேடவேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவித் தொலைபேசி, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில். சண்டை பாத்திரத்தில் தொடங்குகிறது, ஆனால் நீங்கள் எழுதியதில் பணமும் வேலைப் பங்கும்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கடைசி நேரத்தில் ஆசாரிக்கும் பெயிண்டருக்கும் கொடுக்கவேண்டிய பாக்கி, அடுத்த மாதத்திலிருந்து இ.எம்.ஐ., இதற்கு நடுவில் அவர் "என்ன செய்யணும்னு சொன்னா செய்யமாட்டனா?" என்கிறார். என்ன செய்யவேண்டும் என்று நினைவில் வைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அதிலேயே பெரிய வேலை, அது முழுக்க உங்கள் தலையில் இருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் அடியிலிருந்து நுனிவரை ஒருத்தரிடம் விடுங்கள். கட்டுமானத்துக்கு வாங்கிய கரண்டு இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றுவது, கேஸ், ரேஷன் கார்டு, ஆதார் முகவரி எல்லாம் அவருடையது. நினைவுபடுத்துவதும் அவர் பொறுப்பு. பள்ளி டி.சி., எமிஸ் என்ற அரசு மாணவர் பதிவில் பள்ளி மாற்றம், பாத்திரம் உங்களுடையது. பணப் பேச்சுக்கு வாரத்தில் ஒரு நேரம் வையுங்கள், ராத்திரி படுக்கப் போகும்போது வேண்டாம். விழாவன்று வீட்டைப் பற்றி யாராவது குறை சொன்னால் பதில் சொல்லவேண்டியது அவர்தான் என்பதையும் முன்னாலேயே பேசிவையுங்கள்.

தை முகூர்த்தத்தை மாற்றவேண்டாம், அன்றைக்குப் பால் மட்டும் காய்ச்சுங்கள். இந்த மாதமே அத்தையை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். பி12, தைராய்டு மாதிரி ஏதாவது இருந்தால் மாத்திரை தொடங்கிச் சில மாதம் கழித்து அவரிடமே மறுபடி கேட்டுப் பார்க்கலாம். மறதி நோய் என்று சொன்னால் எந்த அறை, யார் கூட இருப்பது, கேஸ் அடுப்பை என்ன செய்வது என்று நாம் வேறு விதமாகப் பேசவேண்டியிருக்கும்.